கடைசி ஆள்

என் வீட்டுக்காரரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். என்ன பொறுமை, என்ன நிதானம், இப்படியும் ஒரு மனுஷனா! கேட்கக் கேட்க எனக்குக் காதில் புகை வருகிறது. அந்தப் பொறுமையில் ஒரு கைப்பிடி என் பக்கம் வந்திருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமாக வரவில்லை. அதனால் அவர் கதையை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் பாதிதான் வரும்.

அவர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். முப்பத்தொரு வருஷம் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வழி. வண்டி மட்டும் நாலு முறை மாறியது. பிள்ளைகள் ஏறும்போது ஒரு எண்ணிக்கை எடுப்பார், இறங்கும்போது இன்னொன்று. வாய் அசையாது. கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போகும். எல்லாரும் இறங்கிய பிறகும் விடமாட்டார். கடைசி சீட்டு வரைக்கும் நடந்து, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். ஒரு பிள்ளையைக்கூட வண்டியில் மறந்து விட்டதில்லை. அதை நான் மறுக்கவில்லை. நல்ல டிரைவர்.

வண்டியை விட்டு இறங்கினால் மட்டும் காலில் வெந்நீரைக் கொட்டினாற்போல நடப்பார். கல்யாணமான மூன்றாம் நாள் எனக்குச் செருப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். அவர் முன்னால் போனார், நான் பின்னால் ஓடினேன். கூட்டத்தில் ஆளையே காணோம். இவர் பாட்டுக்குக் கடைக்குள் போய் உட்கார்ந்து, "பொம்பளைங்க செருப்பு காட்டுங்க" என்றிருக்கிறார். "எந்த அளவுங்க?" என்று கடைக்காரர் கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார். அளவு நாலு கடைக்கு அந்தப் பக்கம் அழாத குறையாக நின்றுகொண்டிருந்தது. அப்போதும் எழுந்து வந்து தேடவில்லை. நானேதான் கண்டுபிடித்து உள்ளே போனேன். "வந்துட்டியா, காலை நீட்டு" என்றார்.

அன்று தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு, கல்யாண வீட்டுக்கு, எங்கே போனாலும் பத்தடி முன்னால் அவர், பின்னால் நான். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையைச் சுமந்துகொண்டும் அதே பத்தடிதான். அவர் முதுகைப் பார்த்த அளவுக்கு நான் முகத்தைப் பார்த்ததில்லை. நான் தையல்காரி. எந்தச் சட்டையில் தோள் தையல் விட்டிருக்கிறது, எதில் காலர் நைந்திருக்கிறது என்பதெல்லாம் தெருவில் நடக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்வேன். வேறு என்ன செய்ய?

ஓய்வு பெற்றதும் என் தையல் அறையில் வந்து உட்கார்ந்தார். ஜன்னலோரம் மிஷின், அதை ஒட்டி வெட்டுப்பலகை, இஸ்திரிப் பெட்டி, தைத்து முடித்த துணிகளுக்கு ஒரு கம்பி. அந்த இடத்தில் நான் திரும்பவே கஷ்டம். இவர் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டு என் பொத்தான் டப்பாவைக் கொட்டி அளவுவாரியாகப் பிரித்தார். அடுத்த நாள் நிறவாரியாகப் பிரித்தார். மூன்றாம் நாள், "இந்தத் துணியை இப்படி மடிச்சா சீக்கிரம் முடியுமே" என்றார். கத்திரிக்கோல் என் கையில் இருந்தது. நான் கோபக்காரி என்பது எனக்கே தெரியும், அதனால் அதைக் கீழே வைத்துவிட்டு வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பாவை எங்கயாவது அனுப்பும்மா. இல்லேன்னா துணியோட சேத்து அவரையும் தச்சுருவ" என்றாள் மகள். அவளே தேடிப் பிடித்தாள். பஸ்ஸில் அரை மணி நேரத்தில் ஒரு சரணாலயம் இருக்கிறது. பாதி சதுப்பு நிலம், பாதி காடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களை உள்ளே நடத்திக்கொண்டு போகிறார்கள். மூன்று கிலோமீட்டர், ஏற்றம் இறக்கம் கிடையாது, குழந்தை வண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டு போகலாம். அதற்குச் சம்பளமில்லாத ஆட்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இவர் போனார். போனவர் போனவர்தான்.

அந்த நடைக்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். வழி நெடுக ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்ட மரக் கம்பங்கள். முன்னால் சரணாலயத்தில் வேலை பார்க்கும் பெண் போவாள். பின்னால், எல்லாருக்கும் பின்னால், ஒரு ஆள் வருவார். அவருக்குக் கடைசி ஆள் என்றே பெயர். ஒவ்வொரு கம்பத்திலும் முன்னால் போகிறவள் நின்றுவிட வேண்டும். கடைசி ஆள் கையைத் தூக்கிக் காட்டினால்தான் மேற்கொண்டு நகரலாம். கடைசி ஆளுக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், பின்னால் ஒருத்தர்கூட இருக்கக் கூடாது.

அந்தக் கடைசி ஆள் என் வீட்டுக்காரர். என்னைக் கேட்டால், சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து யாருக்குப் பின்னாலும் நடந்து பழக்கமில்லாத மனுஷன்!

மகள் ஒரு படம் அனுப்பினாள். சரணாலயத்துக்காரர்கள் எடுத்துப் போட்டதாம். ஆரஞ்சு நிறக் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு, மண்டி போட்டு, யாரோ ஒரு குழந்தைக்கு ஷூ கயிறு கட்டிவிடுகிறார். "அப்பா எவ்ளோ மாறிட்டார் பாத்தியாம்மா!" என்று எழுதியிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு ஒரு நாள் கட்டிவிட்டிருப்பாரா? இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். ஓரத்தில் ஒரு பெண்மணி. என் வயதுதான், ஆனால் நிமிர்ந்து நின்றார். கழுத்தில் பைனாகுலர். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு?" என்று போனை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"பல் டாக்டர். ரிட்டயர் ஆயிட்டாங்க. வாராவாரம் வருவாங்க, பறவை பாக்க."

"பறவைக்குத்தான் பல்லே கிடையாதே, அங்க இவங்களுக்கு என்ன வேலை?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது போதாதென்று ஒரு நாள் கெட்டியான நாடாத் துணி வாங்கிவந்து, "தோள்ல மாட்ற மாதிரி ஒரு வார் தச்சுக் குடு" என்றார். தண்ணீர்ப் பாட்டிலுக்கு என்று நினைத்துக்கொண்டு, இரட்டைத் தையல் போட்டு, முனையில் தோல் வைத்து, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தைத்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு படம் வந்தது. பல் டாக்டரம்மா உட்காருகிற மடக்கு ஸ்டூல் என் வீட்டுக்காரர் தோளில் தொங்குகிறது. என் வாரில்!

அன்று சாயங்காலம் அவர் முன்னால் தட்டை வைத்தேன். வைத்த சத்தத்திலேயே அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு நானும் வரேன்" என்றேன்.

"மூணு கிலோமீட்டர். உனக்கு முட்டி வலிக்கும்."

"வலிச்சா எனக்குத்தானே வலிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி சரணாலயத்து வாசலுக்கு ஐந்து நிமிஷ நடை. அந்த ஐந்து நிமிஷமும் அவர் பத்தடி முன்னால்தான் போனார். வாசலில் ஒரு தகரக் கொட்டகை, சுவரோரம் சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ்கள் வரிசையாக. அந்த ஆரஞ்சுச் சட்டையை எடுத்து மாட்டினார் பாருங்கள், மனுஷன் வேறு ஆள் ஆகிவிட்டார். "வாங்க, வாங்க, அவசரமே இல்ல" என்று குடும்பங்களை வரவேற்கிறார். குழந்தை வண்டியின் சக்கரத்தை அழுத்திப் பார்க்கிறார். ஒரு பொடியனிடம், "நீ எவ்ளோ மெதுவா நடக்கிறியோ அவ்ளோ தவளை தெரியும்" என்கிறார். அவசரமே இல்லையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பல் டாக்டரம்மா நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அது? உங்க தையல்னா தையல்! போன வருஷம் இடுப்பு ஆபரேஷன் ஆச்சு, ரொம்ப நேரம் நின்னு பாக்க முடியல. இந்த ஸ்டூல் இல்லேன்னா நான் வந்திருக்கவே மாட்டேன்" என்றார். கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவராக இருந்தால் மனம்விட்டுத் திட்டியிருக்கலாம்.

சதுப்பு நிலத்துக்கு மேல் மரப்பலகைப் பாதை. ஆரம்பத்தில் ஒருத்தர் மட்டும் போகிற அகலம். அங்கே இவர் ஓரமாக நின்று ஒவ்வொருவராக உள்ளே விட்டார், கட்டைவிரல் கணுக்களில் நகர்ந்தது. எல்லாரும் போன பிறகு நான் போனேன், என் பின்னால் அவர் வந்தார். பலகைக்கு அடியில் தண்ணீர் கறுப்பாக அசையாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நாணல். நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. ஊசித் தும்பிகள் குழந்தைகளின் தொப்பியில் வந்து உட்கார்ந்தன. நன்றாகத்தான் இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பறவை பார்க்க அன்று கண் ஏது? என் கண் முழுக்கப் பின்னால் இருந்தது.

மூன்றாவது கம்பத்துக்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடைசி ஆள் யார் கூட நடப்பார்? யார் ரொம்ப மெதுவோ அவர் கூட. பல் டாக்டரம்மா நாணலுக்குள் எது அசைந்தாலும் நிற்பார். இவர் ஸ்டூலைப் பிரித்துப் போடுவார். அவர் உட்கார்ந்து பைனாகுலரைத் தூக்குவார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எனக்காக ஒரு புடவைக் கடை வாசலில் இரண்டு நிமிஷம் நிற்காதவர்.

சரி, மெதுவாக நடக்கத்தானே வேண்டும், எனக்குத் தெரியாதா? நானும் நடையைக் குறைத்தேன். பல் டாக்டரம்மா என்னைக் கடந்து போகட்டும் என்று கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தேன். அவர் நல்லவராயிற்றே, என் பக்கத்தில் வந்து நின்று, "முட்டியா? கொஞ்சம் நில்லுங்க, நானும் நிக்கிறேன்" என்றார். நான் செருப்பில் கல் என்று குனிந்தேன். அவர் மீன்கொத்தி என்று உட்கார்ந்தார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு மீன்கொத்தி என்றார். ஐந்தாவது கம்பத்தில் மொத்தக் கூட்டமும் எங்களுக்காகக் காத்து நின்றது.

"அம்மா, இவங்க எப்போ வருவாங்க?" என்று ஒரு சிறுமி கத்தினாள்.

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவளிடம்கூட எரிந்து விழவில்லை. என் பக்கம் திரும்பி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ கொஞ்சம் வேகமா நடயேன்" என்றார்.

எனக்கு மட்டும்! பல் டாக்டரம்மாவிடம் அல்ல, ஸ்டூலிடம் அல்ல, எனக்கு மட்டும்!

சதுப்பு முடிந்து காடு தொடங்கியது. மண் பாதை, மேலே கிளைகள் கூடி நிழல், காலடியில் மெத்து மெத்தென்று சருகு. ஒன்பதாவது கம்பத்தைத் தாண்டி ஓர் ஈரமான இடத்தில் ஒரு குழந்தையின் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. கால் வெளியே வந்துவிட்டது, பூட்ஸ் வரவில்லை. குழந்தை வீறிட்டது. என் வீட்டுக்காரர் முழங்கை வரை சேற்றில் விட்டு இழுக்கிறார், பல் டாக்டரம்மா குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சமாதானம் சொல்கிறார். பார்க்கிறவர்களுக்கு அழகான குடும்பம். நான் யாரோ வழியில் போகிறவள்.

பக்கத்தில் இடது கைப் பக்கமாக ஒரு கிளைப்பாதை. முப்பது நாற்பது அடி போனால் ஒரு சின்னக் குட்டை, அதன் கரையில் ஒரு பெஞ்ச். நான் அதில் திரும்பிவிட்டேன். கடைசி ஆள்தானே, அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாதே, தேடிக்கொண்டு வரட்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை அவர் திரும்பி வந்து என்னைத் தேட வேண்டும்.

பூட்ஸ் வெளியே வந்த சத்தம் கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். பேச்சும் சிரிப்பும் நகர்ந்து போயின. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து நிமிஷத்தில் வருவார் என்று நினைத்தேன். குட்டையில் இரண்டு வாத்துகள் மேய்ந்தன. வந்ததும் என்ன பேசுவது என்று யோசித்து வைத்தேன். முதலில் பேசவே கூடாது என்று முடிவு செய்தேன். கால் மணி ஆனது. பத்தாவது கம்பத்தில் கையைத் தூக்கியிருப்பார். அரை மணி ஆனது. பன்னிரண்டாவதிலும் தூக்கியிருப்பார். எழுந்து போய்விடலாம் என்று இரண்டு முறை எழுந்தேன், வீம்பு விடவில்லை, உட்கார்ந்தேன். முக்கால் மணி தாண்டியதும் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அந்தக் குட்டைக் கரையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். இந்த வயதில் இது தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டும் அழுதேன்.

சருகு நொறுங்கும் சத்தம் கேட்டு முகத்தைத் துடைத்தேன். ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"இங்கயா இருக்க?"

பேசக் கூடாது என்று வைத்திருந்தது எங்கே நின்றது! "வேற எங்க இருப்பேன்? வானத்துலயா?" என்றேன்.

"எண்ணிக்கை சரியா இருந்துச்சு" என்றார். "உள்ள விட்டப்ப இருபத்திமூணு. வாசல்ல வந்தப்பவும் இருபத்திமூணு. ரெண்டு தடவை எண்ணினேன்."

"அப்ப நான்?"

அவர் தன் கையைப் பார்த்தார். "உன்னை எண்ணல."

"வண்டில தூங்கிட்டு இருந்த கைக்குழந்தையை எண்ணினீங்களா?"

"எண்ணினேன்."

"பல் டாக்டரம்மாவை?"

"அவங்கதான் இருபத்திமூணாவது."

"என்னை ஏன் எண்ணல?"

"பஸ்ல டிரைவரையும் ஆயாவையும் எண்ண மாட்டோம்" என்றார், மிகவும் நியாயமான ஒன்றைச் சொல்கிற முகத்தோடு. "ஏறின பிள்ளைங்களைத்தான் எண்ணுவோம். நீ என்கூட வந்தவ. நம்ம ஆளு. அந்தப் பழக்கத்துல..."

"ஓஹோ! முப்பத்தெட்டு வருஷமா நான் உங்க பஸ்ஸுக்கு ஆயாவா?"

வாத்துகள் இரண்டும் பறந்து போய்விட்டன. என் குரல் அப்படி.

"சரி, எண்ணிக்கைதான் சரியா இருந்துச்சே, அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

இந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அன்று எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். "டாக்டரம்மாதான் கேட்டாங்க, உங்க வீட்டம்மாவைக் காணோமேன்னு" என்றார்.

திரும்பி வந்ததுகூட அந்தம்மா புண்ணியம்! கோபம் என் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "அவங்க கேக்கலேன்னா?"

"நீ கோவிச்சுக்கிட்டு முன்னாடியே பஸ் ஏறிட்டன்னு நினைச்சிருப்பேன். வீட்டுக்குப் போயிருப்பேன்."

"வீட்டுல நான் இல்லேன்னா?"

"சமையல்கட்டுல பாத்திருப்பேன்."

"அங்கயும் இல்ல."

"மிஷின்கிட்ட பாத்திருப்பேன். பின்னாடி துணி காயப்போட்ற எடத்துல பாத்திருப்பேன். அப்புறம்..."

"அப்புறம்?"

என் வீட்டுக்காரர் முகம் அப்படிச் செத்துப்போய் நான் பார்த்ததில்லை. மெதுவாக வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கை வரை காய்ந்த சேறு.

"எனக்கு உன்னைத் தேடத் தெரியாது" என்றார். "தேடினதே இல்லையே. எங்க போய் யாரைக் கேக்கணும்னுகூடத் தெரியல."

நான் திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன்.

"எழுந்திருங்க" என்றேன். "உங்க ஆளுங்க காத்துட்டு இருப்பாங்க."

"எல்லாரும் போயிட்டாங்க" என்றார். எழுந்து நின்றார், ஆனால் நகரவில்லை. எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது, நான் முன்னால் போவதற்காக நிற்கிறார்.

முன்னால் நடந்து எனக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். பத்தாவது கம்பத்தில் நின்றேன், அவரும் நின்றார். பதினொன்றாவதுக்கு முன்னால் முட்டி வலிக்காமலே நின்றேன், அப்போதும் நின்றார். சீக்கிரம் நட என்று ஒரு வார்த்தை வரட்டும், அங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். வரவில்லை. சருகில் அவர் காலடிச் சத்தம் மட்டும் என் நடைக்குத் தகுந்தபடி வந்துகொண்டிருந்தது.

"பல் டாக்டரம்மாவை விட மெதுவா நடக்கிறேனா?" என்று கேட்டேன், திரும்பாமலே.

"அவங்களை விட ரொம்ப மெதுவா" என்றார்.

எனக்கு அது போதவில்லை. இன்னும் மெதுவாக நடந்தேன்.